நாலு கிழமைப் பரீட்சை

கட்டார் நாட்டுக்குச் சாரதி வேலைக்குப் போகத் துடித்தான் கற்பிட்டி ஊர் அஸ்மீர். தனியாக இருந்து சமாளிக்க முடியுமா என்ற பயம் மட்டும் விடவில்லை.

“கிழமைக்கு ஒரு வேலையாச் செஞ்சி பாருங்க. ஏலுமெண்டாப் போகலாம்,” என்றாள் மனைவி ஸிஹானா.

முதல் கிழமை ஏழு நாளும் சோறு ஆக்கினான். அடுத்த கிழமை உடுப்புக் கழுவினான். மூன்றாம் கிழமை மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினான்.

“கட்டாருல ஆருக்குத் தலை பின்னுற?” என்று கேட்டான்.

“பொறுமை வரும்.”

வந்தது. நாலாம் கிழமை, தான் ஆளே மாறிவிட்டதாக அஸ்மீருக்குப் பெருமை தாங்கவில்லை.

“எல்லாம் பழகிட்டுது. டிக்கட் எடுப்போமா?”

“எடுத்தாச்சி,” என்று பாஸ்போட்டை நீட்டினாள் ஸிஹானா.

திறந்து பார்த்தான். உள்ளே அவளுடைய படம் இருந்தது.

“வீட்டுவேலைக்கு விசா வந்து ஒரு மாசம். புள்ளைய ஆரு பாக்குற எண்டுதான் யோசிச்சிட்டு இருந்தன்.”