போகிக்கு ஒழித்த வீடு

பூவராகன் வீட்டு அலமாரியில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. காட்டில் குடிசை போட்டு, இருப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்வதைப் பற்றிய புத்தகம். அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

ஒவ்வொரு போகிக்கும் வீட்டை ஒழிக்கிறேன் என்று பூவராகன் கிளம்புவார். தூசி தட்ட அந்தப் புத்தகத்தை எடுப்பார். எடுத்தவர் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுவார். பொழுது சாய்ந்துவிடும். ஒரு சாமானும் வெளியே போகாது.

"என்னைப் படிச்சும் அந்தப் பழைய மிக்ஸியை விட மனசு வரல பாரு இவருக்கு" என்று புத்தகம் வருத்தப்படும்.

"விடுங்கண்ணே, அடுத்த வருஷம் கேப்பாரு" என்று பல்லி சமாதானம் சொல்லும்.

இந்த வருஷம் அவர் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு எழுந்து மிக்ஸி, டிவி, யாரும் உட்காராத நாற்காலிகள் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

"கேட்டுட்டாரு தம்பி, கேட்டுட்டாரு!" புத்தகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ரெஜினா வந்தாள். பூவராகன் புத்தகத்தின் அட்டையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு அவளிடம் நீட்டினார். "படிச்சு முடிச்சுட்டேம்மா. இனி நீ வச்சுக்க."

புத்தகம் பதறிப்போனது. "நான் இல்லாம இவரு எப்படி எளிமையா இருப்பாரு? சொல்லு தம்பி, அவர்கிட்ட சொல்லு!"

"கொடுக்காதீங்க!" என்று பல்லி சுவரில் ஒட்டிக்கொண்டு தன்னால் முடிந்த மட்டும் கத்தியது.

பூவராகன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தியாம்மா, பல்லியும் சரின்னு சொல்லிடுச்சு."