புள்ளி ஐந்து

சித்ரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

புள்ளி ஐந்துதான்.

மண்சரிவில் தொழிலாளர் குடியிருப்பு லயங்கள் போன பிறகு மிச்சமிருந்தவை அறுபத்திரண்டு வீடுகள். குடும்பங்களும் அறுபத்திரண்டு. யாரை எங்கே வைப்பது என்று கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி ஆள் கோகுல்நாத் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தான். குடும்பத்துக்கும் வீட்டுக்கும் நேரே ஒன்று என்றால் அந்த வீடு. பூஜ்யம் என்றால் இல்லை. கொத்துக் கொத்தாக ஏறத்தாழ நாலாயிரம் எண்கள். அதைக் குடும்பத்துக்கு ஒரு வரியாக அட்டவணை ஆக்குவது எஸ்டேட் ஆபீசில் அவள் வேலை.

பதினோரு மணிக்குப் பலகையில் ஒட்ட வேண்டும். தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

அறுபது குடும்பங்கள் அவரவர் வரியில் உட்கார்ந்துவிட்டன.

சுருளிவேல் குடும்பமும் சாந்தம்மாள் குடும்பமும் உட்காரவில்லை. இரண்டுக்கும் ஒன்பதாம் நம்பரில் புள்ளி ஐந்து, அதாவது பாதி; நாற்பதாம் நம்பரில் பாதி.

ஒன்பது ரோட்டோரம். நாற்பதுக்குப் பின்னால், விரிசல் விட்ட மேடு.

கோகுல்நாத்தைப் போனில் கூப்பிட்டாள். ரெண்டு குடும்பத்திலும் ஐந்தைந்து பேர், கணக்குக்கு வித்தியாசம் தெரியாது, யாரை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. பலகைக்கு முன்னால் குடும்பங்கள் குடை பிடித்துக் காத்திருந்தன.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. அத்தை. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

சின்னப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தாள். சுருளிவேல் மேலே வந்தான். ஒன்பது அவனுக்கு.



பிறகு அந்த அடுக்கைக் கலைத்துவிட்டு, அகர வரிசைக்கு மாற்றினாள். சாந்தம்மாள் முந்தினாள்.

யாரும் குறை சொல்ல முடியாத வரிசை.

ஒட்டிவிட்டுத் திரும்பியபோது, சுருளிவேல் தன் பெயர்மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தான். இடுப்பில் கைக்குழந்தை. யார் போட்டது இது என்று கேட்டான். கம்ப்யூட்டர் என்றாள்.

"அப்படின்னா சரித்தான் மதினி. மனுசன் போட்டிருந்தா சும்மா விட்டிருக்க மாட்டேன்."

சாயங்காலம் சாவி கொடுத்தார்கள். சாவி வாங்குபவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்றும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் நம்பர், சாந்தம்மாள் என்ற வரிக்கு நேரே சித்ரா கையெழுத்துப் போட்டாள்.

உறவு என்ற கட்டத்தில், மருமகள் என்று எழுதினாள்.