ரெண்டு வருஷத்துக்கு ஒரு பாட்டில்

"மறுபடியும் பழுப்பாயிடுச்சுங்க" என்றார் அவர், குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தபடி. "கலக்கி வச்சு பத்து நாள்கூட ஆகலை."

டெவலப்பரைத்தான் சொன்னார். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் வாங்கும் கெமிக்கல் அது. பொடியாக வரும், மொத்தப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தாக வேண்டும், காற்றுப் பட்டால் பழுப்பேறிக் கெட்டுவிடும்.

கடைக்காரி வழக்கம்போல இன்னொரு பாக்கெட்டை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. ஒரு சனி விட்டு ஒரு சனி, பத்து மாதமாக இதே கதை. பத்து ரோல் கழுவ வேண்டிய பாக்கெட்டில் மனிதர் ஒரே ஒரு ரோலைக் கழுவிவிட்டு மிச்சத்தைச் சாக்கடைக்கு வார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து, ரோலுக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடாமல் போகமாட்டார். மனசுக்குள் அவள் அவருக்கு வைத்த பெயரே கணக்குப்புலி.

அவளுக்கு வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. சொல்லப்போனால் போன வருஷத்தைவிட அதிகம். ஆனால் எல்லாரும் போனிலேயே ஆர்டர் போட்டார்கள். பார்சலை எடுக்க வரும் கூரியர்காரர்கூடக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவதோடு சரி.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி, அவளும் கண்காணாத தூரத்தில். கடைப்படி ஏறி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆற அமரப் பேசிவிட்டுப் போகிறவர் இவர் ஒருவர்தான். அவர் வராத சனிக்கிழமைகளில் அவள் ரேடியோவோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள்.

இவரிடமும் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டெவலப்பர் படத்தை வரவழைக்கும், அவ்வளவுதான். ஃபிக்ஸர் என்ற இன்னொரு கெமிக்கல்தான் அதை அழியாமல் நிறுத்தும். மனிதர் ஒரு நாளும் இவளிடம் ஃபிக்ஸர் வாங்கியதில்லை, ஃபிலிமும் வாங்கியதில்லை. வேறு ஏதோ கடையில் வாங்குகிறார் போலிருக்கிறது. அங்கேயும் இப்படித்தான் ஸ்டூல் போட்டு உட்காருவாரோ என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

மேல்தட்டில் திரவ டெவலப்பர் இருந்தது. அதைப் பற்றிப் பத்து மாதமாக அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் இவர் வருவது நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் வாய் திறந்து கேட்காததை வைத்து அவர் காசைக் கரைத்துக்கொண்டிருக்கிறோமே என்று இன்றைக்கு மனசு உறுத்தியது.

ஏணியில் ஏறி எடுக்கும்போது பாட்டில் கைநழுவித் தரையில் விழுந்தது. இரண்டு குதி குதித்து உருண்டது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார், ஒரு கீறல்கூட இல்லை.

"இதைக் கரைச்சு வைக்க வேண்டியதே இல்ல சார். ஒரு ரோலுக்குப் பத்து மில்லி எடுத்துத் தண்ணில கலந்துக்கிட்டா போதும். பாட்டில்ல மிச்சம் இருக்குறது வருஷக்கணக்கா கெடாது."

எத்தனை ரோல் வரும் என்று கேட்டார். ஐம்பது என்றாள்.

"நீங்க கழுவுற அளவுக்கு ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வர வேண்டாம்."

அவர் துண்டுத்தாளை எடுக்கவில்லை. ஸ்டூலையும் இழுக்கவில்லை. "ரெண்டு வருஷமா" என்று மட்டும் கேட்டுவிட்டு, காசை வைத்துவிட்டுப் பாட்டிலோடு படியிறங்கினார். லாபக் கணக்கு போட்டதும் ஆளுக்குப் பேச்சே அத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட ஆத்திரத்தில் அன்று கடையைச் சீக்கிரமே அடைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய முறை இல்லை. கதவைத் திறக்கும்போதே படியில் நின்றிருந்தார்.

"பாட்டில் கை தவறி விழுந்து உடைஞ்சு போச்சுங்க. இன்னொண்ணு குடுங்க."

அவரைப் பார்த்ததில் துள்ளிய மனசு, அவர் சொன்னதைக் கேட்டதும் சுருங்கிப்போனது. மேல்தட்டிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். அவர் கண் முன்னாலேயே அதைத் தரையில் விட்டாள். கெட்டி பிளாஸ்டிக், எப்படி உடையும்? இரண்டு குதி குதித்து உருண்டு அவர் செருப்பில் இடித்து நின்றது.

அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த இன்னொரு கடைக்காரர் இதை மட்டமான சரக்கு என்று சொல்லியிருப்பார். இவரும் அதை நம்பித் தூக்கிப் போட்டிருப்பார், அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு புளுகுகிறார்.

"நேராவே கேக்குறேன் சார். கோவிச்சுக்க மாட்டேன். ஃபிலிமும் ஃபிக்ஸரும் எந்தக் கடையில வாங்குறீங்க?"

அவர் குனிந்து பாட்டிலை எடுத்தார். சட்டை நுனியால் தூசியைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"என்கிட்ட கேமராவே இல்லைங்க."