கடைசி மாட்டுக்கான மணி

"மணியை இறக்குறாங்க பாருங்க சார்," என்றார் சலூன்காரர், சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே. "அதை அடிச்ச மனுஷனைத்தான் நீங்க பதினாறு வருஷம் முன்னாடியே இறக்கிட்டீங்களே."

நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். முகமெல்லாம் நுரை, பக்கத்தில் கத்தி. வழக்காடுகிற இடமா அது?

அவர் கால்நடை இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே இருந்த மாட்டு ஏலக் கொட்டகையில் அவருக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. வலது தொடையில் இருக்க வேண்டிய வெள்ளைப் புள்ளி, செத்த மாட்டுக்கு இடது தொடையில் இருப்பதைக் கண்டுபிடித்து, கேட்ட இழப்பீட்டைத் திருப்பி அனுப்பியவர். அவர் வாசலில் தலை காட்டினாலே தரகர்கள் பின்பக்கமாக நழுவிவிடுவார்கள்.

இன்றோடு கொட்டகைக்கு மூடுவிழா. இனி ஏலமெல்லாம் ஊருக்கு வெளியே, கம்ப்யூட்டர் திரையில். பழைய ஆட்கள் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று இவரையும் அழைத்திருந்தார்கள்.

சலூன் கண்ணாடியில் கொட்டகை வாசல் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்தால் இந்தத் தெரு முழுக்க வைக்கோலும் சாணியும் லாரி ஹாரனுமாகக் கிடந்த காலம் இரண்டு பேருக்குமே நினைவு வந்தது. அதற்கு நடுவே அந்த மணி. ஒவ்வொரு மாட்டுக்கும் ஏலம் முடிந்ததும் மணிக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழும்வரை மாட்டுக்கு ஏதாவது ஆனால் கொட்டகை பொறுப்பு, கொட்டகையின் இன்சூரன்ஸ் கொடுக்கும். தட்டு விழுந்த பிறகு ஆனால் வாங்கியவர் தலையெழுத்து.

இருபத்திரண்டு வருஷமாக மணிக்காரர் ஒரு மாட்டுக்குக்கூடத் தட்டத் தவறியதில்லை என்று பெயர். அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்குக் கடைசி மாட்டை எடுத்தது, கணவனை இழந்த ஒரு பெண். தையல் மெஷினை விற்றுவிட்டு முதல் மாடு வாங்க வந்தவள். கயிறு கைக்கு வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாடு வழுக்கி விழுந்தது. மறுபடி எழுந்திருக்கவேயில்லை.

மணி அடித்தாயிற்றா, இல்லையா? உடனே வந்து சேர்ந்த சர்வேயருக்கு விசாரணையே அதுதான். கூட்டம் கலைந்த இரைச்சலில் யாருக்கும் நினைவில்லை. ஏலம் விட்டவர், மணி என் வேலையில்லை என்று கையை விரித்துவிட்டார். அந்தப் பெண்ணைக் கேட்டதற்கு, நான் மாட்டு மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் என்றாள். சுருட்டிய கயிறு அப்போதும் அவள் மடியில் இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசியில் மணிக்காரரே முன்னால் வந்தார். கடைசி மாடுதானே என்று மணியடிக்காமலே எதிர் சலூனுக்குப் போய் ஷேவிங் பண்ணிக்கொண்டு இப்போதுதான் வருகிறேன் என்றார். சர்வேயர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரமே வேறு மாடு கிடைத்தது. மணிக்காரருக்குத் துடைப்பம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை தொட்டி கழுவினார். 'ஷேவிங்' என்று கொட்டகையில் ஒட்டிக்கொண்ட பெயர், போன வருஷம் அவர் கண்ணை மூடும்வரை போகவில்லை.

சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு பதினாறு வருஷமா மனசுல வெச்சிருக்கேன் சார். அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வந்தேன். கடை பூட்டிக் கிடந்துச்சு."

பெரியவர் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததும் மணிக்கார அண்ணனைக் கேட்டேன், ஆனது ஆச்சு, விடுடான்னு சிரிச்சிட்டுப் போயிட்டார் என்று சலூன்காரர் தொடர்ந்தார். மணிக்காரர் பயத்தில் ஏதோ உளறியிருப்பார் என்றுதான் சலூன்காரர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார். பாவம் அண்ணன், மணியடிக்கிற கையில் துடைப்பத்தைப் பிடித்ததை இந்த வாசலில் நின்று தினம் பார்த்தவர் அவர்.

"புள்ளி எந்தத் தொடையில இருக்குன்னு பார்த்த கண்ணுக்கு, என் கடைக் கதவுல தொங்கின பூட்டு தெரியலையா? ரோட்டைத் தாண்டி பத்தடி வந்து பார்த்திருந்தா அவருக்கு இந்தப் பேர் வந்திருக்குமா? இன்னைக்கு அண்ணி முன் வரிசையில வந்து உக்காருவாங்க. விசாரிக்காம எழுதிட்டேன்னு அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"சொல்லத்தான் வந்திருக்கேன்," என்றார் பெரியவர். "என் சர்வீஸ்ல சரிபார்க்காம நான் கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான்."

"அப்ப தப்புன்னு ஒத்துக்கறீங்க."

எதிரே மணியைக் கயிறு கட்டி மெதுவாகத் தரையில் வைத்தார்கள். பழக்கதோஷமோ என்னவோ, தரையைத் தொட்டபோது ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடங்கியது. பெரியவர் துண்டை வாங்கிக் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார்.

"உன் கடைப் பூட்டைப் பார்க்க நான் எதுக்குப்பா ரோட்டைத் தாண்டணும்? ஷேவிங் பண்ணிட்டு நேரா வரேன்னு அவர் என் முன்னாடி வந்து நின்னப்ப, அவர் முகத்துல மூணு நாள் தாடி இருந்துச்சே."