மூன்றாவது மாடி டிரம்ஸ்காரன்

"நம்ம குடியிருப்பு மாதிரி ஒரு சமுதாயம் உலகத்துலயே கிடையாது!" என்று சங்கக் கூட்டத்தில் முழங்கினார் ரிட்டயர்டு வாத்தியார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பொய்யில்லை. போன வருஷம் வரை பார்க்கிங்குக்கும் தண்ணீருக்கும் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள், இப்போது அடுத்த வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் பள்ளியில் விடுகிறார்கள். சங்கச் செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரே ஒரு குறைதான்," என்றார் டாக்டரம்மா. "அந்த மூணாவது மாடி டிரம்ஸ்காரன். விடியக்காலையிலேயே அடிச்சு உயிரை வாங்குறான். அவனைத் துரத்திட்டா இது சொர்க்கம்!"

அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்தன. பழைய எதிரிகள் தோளில் கை போட்டுக்கொண்டு அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

செயலாளர் பதறி எழுந்தார். "நானே போய்ப் பேசிடுறேன்," என்று விறுவிறுவென மாடியேறினார்.

டிரம்ஸ்காரன் கதவைத் திறந்தான். "என்ன, காலி பண்ணச் சொல்றாங்களா?"

"ஆமா. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல."

"நல்லதாப் போச்சு. எனக்கும் அடிச்சு அடிச்சு கை ஓய்ஞ்சு போச்சு, கிளம்புறேன்."

செயலாளர் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"மச்சான், காலை வாராதடா! நீ போயிட்டா நாளைக்கே பார்க்கிங்ல வெட்டுக்குத்து நடக்கும். அது நடக்கக் கூடாதுன்னுதானே உங்க அக்காவை நச்சரிச்சு உன்னை இங்க குடிவச்சேன்? டிரம்ஸ்கூட நான் வாங்கிக் கொடுத்ததுதானே?"

"அப்போ கீழ என்ன சொல்லுவீங்க, மாமா?"

"நீ போக முடியாதுன்னு சொல்லி, எல்லாரையும் கெட்ட வார்த்தையில திட்டினதா சொல்றேன். அப்புறம் பாரு அவங்க ஒத்துமையை!"