ஆசிரின் கப்பற்படை

"அண்ணி, ஆசிர் அண்ணன் செஞ்ச விண்கப்பலுங்கள எனக்குக் குடுத்துடுங்க. பத்திரமா வெச்சுக்கிறேன்," என்றான் கோகுலகிருஷ்ணன். திருப்பதியிலிருந்து அட்டைப்பெட்டியோடு சித்தூர் வந்திருந்தான்.

ஆறு வருடமாக ஞாயிறுதோறும் அவனும் ஆசிரும் திருப்பதியில் அவன் வீட்டு மேசைமேல் விண்வெளிப் போர் விளையாடியவர்கள். ரேசர் பிடி, மருந்து மூடி, பேனாக் குழாய் எல்லாம் ஒட்டிச் செய்த ஆசிரின் கப்பல்களுக்கு முன்னால், இவன் கடையில் வாங்கியவை வெறும் பொம்மைகள். ஆசிர் இறந்து மூன்று மாதமாகிறது. விளையாட்டும் நின்றுபோனது.

"குடுக்கறதுக்கில்ல தம்பி," என்றாள் கேசியா.

"நீங்க குப்பைன்னு திட்டுவீங்கன்னு அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு. தூக்கிப் போட்டுடுவீங்களோன்னு பயந்துக்கினே வந்தேன்."

"அப்படியா சொன்னாரு? நல்ல மனுஷன்," என்று கேசியா சிரித்துவிட்டாள்.

கோகுல் அலமாரியிலிருந்த பெரிய கப்பலை ஆசையாகக் கையில் எடுத்தான். சாம்பல் நிறப் பெயின்ட் விரலில் ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"காயல தம்பி, கீழ வையி. காலையிலதான் அடிச்சேன்," என்றாள் கேசியா. "அவருக்கு ஒரு மூடிகூட நேரா ஒட்ட வராது. எனக்கு ஆடத்தான் தெரியாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் பஸ் ஏறி வர்றேன், சொல்லிக் குடு."