ஒன்றரை நிமிடம்

"லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டருங்க. ஆன் ஆகவே ஒன்றரை நிமிஷம் ஆகுது," என்றார் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்.

எப்போதோ கழற்றிய டிஸ்க்கை அது ஆன் ஆகும்போதெல்லாம் தேடிக் காத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்பில் அந்த டிஸ்க்கின் பெயர் இருந்த வரியை மெக்கானிக் நீக்கினார். கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்தது.

மறுவாரம் மொழிபெயர்ப்பாளரின் மனைவி மெக்கானிக் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க கை வச்சதுலதான் கெட்டுப்போச்சு. பழையபடியே பண்ணிக் குடுங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "இப்ப வேகமாதானேம்மா இருக்கு?"

"அதாங்க பிரச்சினையே. அது ஆன் ஆகுற வரைக்கும்தான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாரு."

கணவர் வெளியே போன நேரமாகப் பார்த்து மெக்கானிக் வீட்டுக்கு வந்து அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார்.

"மறுபடி ஒன்றரை நிமிஷம் ஆகும்ல?"

"மூணு நிமிஷம் வச்சிருக்கேம்மா."